இரண்டு ஏக்கர் வயலும் ஓர் உழவு இயந்திரமும்

புல்மோட்டை என்றதும் வெளியூரவர்களுக்கு நினைவுக்கு வருவது இல்மனைற் மணலும் கடலும்தான். வடக்கே கொக்கிளாய்க் களப்பு, கிழக்கே கடல், தெற்கே யான் ஓயா கடலில் சேரும் இடம். ஆனால் மேற்குப் பக்கம் திரும்பினால் வயல். ஒக்டோபர் மாதம் பிறந்துவிட்டால் கடைத்தெருவிலும் பள்ளிவாசல் முற்றத்திலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "மழை இறங்கப் போகுதே, மெஷின் எப்ப வரும்?"

அதே மாதத்தில் பல வீடுகளுக்குள் இன்னொரு காரியமும் நடக்கிறது. உம்மாவின் காப்பு அடகுக்குப் போகிறது. அந்தப் பணம் உழவுக்கூலியாக, விதைநெல்லாக, பசளையாக, களைநாசினியாக வயலில் இறங்குகிறது. அறுவடை சரியாக வந்தால் மார்ச் மாதத்தில் காப்பு வீடு திரும்பும். வராவிட்டால் அடுத்த போகத்துக்குக் காப்போடு மாலையும் போகும்.

இப்படி வருடா வருடம் வாடகை கொடுத்து உழுவதைவிட, லீசிங்கிலாவது சொந்தமாக ஒரு மெஷின் எடுத்துவிட்டால் என்ன என்று வாப்பாமார் சிலர் யோசிக்கிறார்கள். யோசனை நல்லதா கெட்டதா என்பதை வாதத்தால் முடிவு செய்ய முடியாது. கணக்கால் முடிவு செய்யலாம். வர்த்தகப் பிரிவு மாணவிகள் வகுப்பில் படிக்கும் நிலைச் செலவு, மாறும் செலவு, அமையச் செலவு ஆகிய மூன்று சொற்களும் அதற்குப் போதும். அந்தக் கணக்கை எமது வயல் வரம்பில் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

எருமையிலிருந்து இயந்திரத்துக்கு

எங்கள் மூத்தாப்பாமார் எருமை பூட்டி உழுதார்கள். வெட்டிய கதிரைச் சூடாக அடுக்கி, களத்தில் பரப்பி, மாடுகளை வளையவிட்டு மிதித்தார்கள். காற்றுக்கு நின்று தூற்றினார்கள். இலங்கை வயல்களில் 1950களிலிருந்து நான்கு சக்கர உழவு இயந்திரங்களும், அதன் பின் நாம் 'லேண்ட்மாஸ்டர்' என்று பொதுப்பெயராகவே அழைக்கும் இரு சக்கர இயந்திரங்களும் பரவின. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்ததும் இறக்குமதி பெருகியது. யுத்த காலத்தில் எமது பகுதியில் பல வயல்கள் பயிரின்றிக் கிடந்து காடு பற்றின. 2009இல் யுத்தம் ஓய்ந்து மக்கள் வயலுக்குத் திரும்பியபோது, வெட்டி, அடித்து, தூற்றி, நெல்லைத் தனியாகக் கொட்டும் பெரிய அறுவடை மெஷின் வந்து சேர்ந்தது. எருமைப் பட்டியைத் தேடி இனி யாரும் போவதில்லை.

எருமைக்கும் மெஷினுக்கும் கணக்கில் ஒரு வித்தியாசம் உண்டு. உழவில்லாத மாதங்களில் எருமை புல் மேய்ந்தது, கன்று ஈன்றது, தயிருக்குப் பால் தந்தது, எரு போட்டது. உழவில்லாத மாதங்களில் கொட்டிலில் நிற்கும் மெஷின் எதையும் தராது. அதன் விலை மட்டும் குறைந்துகொண்டே போகும். வேலை செய்யாத நாளிலும் ஏறும் இந்தச் செலவைத்தான் நிலைச் செலவு என்கிறோம்.

உழவு இயந்திரம் வந்தால் விளைச்சல் கூடும் என்ற நம்பிக்கையும் பரவலாக உண்டு. தெற்காசியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து ஹான்ஸ் பின்ஸ்வாங்கர் என்னும் பொருளியலாளர் 1978இல் ஒரு நூல் வெளியிட்டார். உழவு இயந்திரம் தன்னளவில் விளைச்சலைப் பெரிதாகக் கூட்டியதற்குச் சான்று குறைவு என்பதும், மாட்டினதும் மனிதரதும் வேலையை அது பதிலீடு செய்தது என்பதும் அவர் கண்ட முடிவு. ஓர் ஏக்கரில் எத்தனை மூடை என்பதை விதை, நீர், பசளை, களை ஆகியவையே பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. அந்தப் பெரும்போகத்தில் எந்த மெஷினால் உழுதவரும் விளைச்சல் விழுந்ததைத் தடுக்க முடியவில்லை. மெஷின் தருவது வேறொன்று. அதற்குப் பிறகு வருவோம்.

சொந்தமா, வாடகையா?

இங்கே தரும் எண்கள் கணக்குப் பழகுவதற்காக எடுத்துக்கொண்டவை. சந்தை விலை மாறும். உங்கள் வீட்டு எண்களை அதே இடத்தில் போட்டுப் பாருங்கள்.

ஒரு இரு சக்கர உழவு இயந்திரத்தின் விலை 600,000 ரூபா என்று வைப்போம். பத்து வருடம் ஓடி, கடைசியில் 100,000 ரூபாவுக்கு விலை போகும். ஆகவே வருடாந்தப் பெறுமானத் தேய்வு 50,000 ரூபா. கொட்டில், காப்புறுதி, ஓடினாலும் ஓடாவிட்டாலும் செய்ய வேண்டிய பராமரிப்பு ஆகியவற்றுக்கு வருடம் 20,000 ரூபா.

இனி அமையச் செலவு. வட்டி மார்க்கத்தில் விலக்கப்பட்டது. ஆனால் பணம் முடங்குவதால் இழக்கும் பயன் ஒன்று இருக்கிறது. அதே பணத்தில் நான்கு கறவை மாடு வாங்கியிருக்கலாம், நம்பிக்கையான ஒருவரின் கடையில் இலாப நட்டப் பங்காளியாகச் சேர்ந்திருக்கலாம். அந்த வருமானம் வருடம் 30,000 ரூபா என்று கொள்வோம். மெஷின் வாங்கியதால் அது கைக்கு வராது. ஆக மொத்த நிலைச் செலவு வருடத்துக்கு 100,000 ரூபா.

ஓர் ஏக்கரை முழுமையாக உழுது பலகையடிக்க டீசல், ஓட்டுனர் கூலி, தேய்மானப் பாகங்கள் என மாறும் செலவு 6,000 ரூபா. அதே வேலைக்கு வாடகை மெஷின் கேட்பது 16,000 ரூபா. வித்தியாசம் 10,000 ரூபா. 'பார், ஏக்கருக்குப் பத்தாயிரம் மிச்சம்' என்று தோன்றும் இடம் இதுதான். மனம் தடுமாறும் இடமும் இதுதான்.

இரண்டு ஏக்கர் மட்டும் உழுதால், 100,000 ரூபா நிலைச் செலவு இரண்டு ஏக்கரில் ஏறும். ஏக்கருக்கு 50,000, அதனுடன் மாறும் செலவு 6,000. மொத்தம் 56,000 ரூபா. வாடகைக்கு விட்டிருந்தால் 16,000 ரூபாவில் முடிந்திருக்கும். சொந்த மெஷின் வாடகை மெஷினுக்குச் சமமாக வேண்டுமானால் 100,000ஐ 10,000ஆல் வகுக்க வேண்டும். விடை 10 ஏக்கர். இதுவே இலாப நட்டமற்ற புள்ளி. வருடத்தில் பத்து ஏக்கருக்குக் கீழே உழும் மெஷின் உரிமையாளரின் பணத்தை உழுகிறது.

குளத்து நீர் பாயும் இடத்தில் இரண்டு போகமும் செய்தால் ஐந்து ஏக்கர் வயலே பத்து ஏக்கர் உழவாகிவிடும். மழையை நம்பிய வயல் பெரும்போகத்துக்கு மட்டும்தான். ஆகவே நீர்ப்பாசனமுள்ள ஊரில் ஒருவருக்குக் கட்டுப்படியான மெஷின், அதே அளவு வயலுள்ள மானாவாரி விவசாயிக்குக் கட்டுப்படியாகாது. அயலூரில் ஒருவர் மெஷின் வாங்கி முன்னுக்கு வந்தார் என்று கேட்டு முடிவெடுக்குமுன், அவருக்கு எத்தனை போகம் என்று கேட்க வேண்டும்.

அப்படியானால் அயலாரின் வயலையும் உழுது இருபது, முப்பது ஏக்கராக்கலாம்தானே? ஓரளவுக்கு முடியும். ஆனால் இரு சக்கர மெஷினுக்கு ஓர் ஏக்கரின் முழு உழவுக்கு இரண்டு நாள் பிடிக்கும், விதைப்புக்குக் கிடைக்கும் அவகாசம் முப்பது நாள் என்று வைத்தால், உச்ச அளவு 15 ஏக்கர்தான். அப்போது ஏக்கருக்குச் செலவு ஏறத்தாழ 12,700 ரூபாவாக இறங்கும். பதினைந்தைத் தாண்டினால் கடைசியாக உழப்படும் வயலுக்குக் காலம் தவறிவிடும். பத்துக்கும் பதினைந்துக்கும் இடைப்பட்ட இந்த ஒடுக்கமான இடத்தில்தான் சிறு உழவு இயந்திரத்தின் இலாபம் இருக்கிறது. பெட்டி பூட்டி மற்ற மாதங்களில் விறகு, மணல், மீன் ஏற்றி உழைப்பவருக்கு இந்தக் கணக்கு இலகுவாகும். அந்த வருமானம் நிலைச் செலவின் ஒரு பகுதியைச் சுமக்கும். ஏற்றியிறக்கும் வேலை உறுதியாக உண்டா என்பதை மெஷின் வாங்குமுன்னர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாதத் தவணையும் வருட விளைச்சலும்

லீசிங்கில் எடுப்பதில் இன்னொரு பொறி இருக்கிறது. தவணை மாதா மாதம் வரும். மானாவாரி வயலின் வருமானம் வருடத்தில் ஒரு முறை வரும். பெப்ரவரியில் விற்ற நெல்லின் பணத்தை ஒக்டோபர் வரை தவணைக்கென்று ஒதுக்கி வைக்க எத்தனை குடும்பங்களால் இயலும்? இடையில் நோன்பு வரும், பெருநாள் வரும், பிள்ளையின் வகுப்புப் பணம் வரும், கல்யாணம் வரும். மூன்று தவணை தவறினால் மெஷினைத் தூக்கிக்கொண்டு போவார்கள், அதுவரை கட்டியதும் போகும். வட்டியின் பாவம் ஒருபுறமிருக்க, வருமானம் வரும் காலமும் கடன் கேட்கும் காலமும் ஒத்துப்போகாத எந்தக் கடனும் விவசாயிக்கு ஆகாது.

மாறும் செலவும் பெயருக்கேற்ப மாறும். 2021ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு லீற்றர் டீசல் 104 ரூபா. 2022 ஜூன் மாத முடிவில் அது 460 ரூபா. ஓர் ஏக்கருக்குப் பன்னிரண்டு லீற்றர் பிடிக்கும் என்று வைத்தால், 1,248 ரூபாவாக இருந்த டீசல் செலவு 5,520 ரூபாவானது. எருமைக்குப் புல் விலை ஏறியதில்லை. மெஷினை நம்பிய வயல் உலகச் சந்தையோடும் டொலரோடும் கட்டப்பட்டுவிட்ட வயல். அந்த வருடம் வரிசையில் நின்ற குடும்பங்களுக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மெஷின் தருவது நேரம்

விளைச்சலை நேரடியாகக் கூட்டாத மெஷினுக்கு ஏன் இத்தனை போட்டி? நேரத்துக்காகத்தான்.

மூன்றரை மாத நெல்லை ஒக்டோபர் கடைசியில் விதைத்தால் பெப்ரவரி நடுப்பகுதியில் அறுவடை செய்யலாம். கதிர் விடும் காலம் ஜனவரி நடுப்பகுதி, வயலில் ஈரம் இருக்கும். அதே நெல்லை நவம்பர் கடைசியில் விதைத்தால் கதிர் விடும் காலம் பெப்ரவரி நடுப்பகுதிக்குத் தள்ளிப் போகும். அப்போது வடகீழ்ப் பருவமழை ஓய்ந்துவிடும். பால் பிடிக்க வேண்டிய மணி பதராகும். விதை ஒன்றே, பசளை ஒன்றே, பட்ட பாடும் ஒன்றே. மெஷின் நான்கு வாரம் பிந்தியது மட்டும்தான் வித்தியாசம். மானாவாரி வயலில் உழவு இயந்திரத்தின் உண்மையான பெறுமதி இந்த நான்கு வாரம்தான்.

ஆனால் மெஷின்காரர் யாருடைய வயலுக்கு முதலில் போவார்? அவருடைய கணக்கையும் பார்க்க வேண்டும். அறுவடை மெஷின் ஓர் ஏக்கரை ஒரு மணித்தியாலத்தில் வெட்டும் என்றும், ஒரு வயலிலிருந்து இன்னொரு வயலுக்கு வழி பார்த்து இறங்க அரை மணித்தியாலம் என்றும் வைப்போம். ஒரே இடத்தில் உள்ள இரண்டு ஏக்கருக்கு இரண்டரை மணித்தியாலம். வெவ்வேறு இடங்களில் உள்ள நான்கு அரை ஏக்கர்த் துண்டுகளுக்கு, வெட்ட இரண்டு மணித்தியாலமும் நகர இரண்டு மணித்தியாலமுமாக நான்கு மணித்தியாலம். கூலி இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே அவர் பெரிய துண்டுக்கே முதலில் போவார். அது மனக்குரோதம் இல்லை, கணக்கு. சிறு வயற்காரர் கடைசியில் நிற்கிறார். கடைசியில் நிற்பவரின் நெல் உதிர்கிறது, அல்லது அகாலத்தில் பெய்யும் மாசி மழையில் சாய்கிறது.

இதற்கு மருந்து பணம் செலவில்லாதது. ஒரே வெளியில் அடுத்தடுத்து வயலுள்ள ஐந்தாறு குடும்பங்கள் ஒரே வயதுடைய நெல்லை ஒரே வாரத்தில் விதைத்து, ஒரே பேச்சில் மெஷினைப் பேசினால், மெஷின்காரரின் கண்ணுக்கு அது பத்து ஏக்கர்த் துண்டு. முன்னுரிமையும் கிடைக்கும், விலை பேசும் பலமும் கிடைக்கும். கமக்காரர் அமைப்பின் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் விதைப்புத் திகதி தீர்மானிக்கப்படுவதன் பொருளியல் இதுதான். அந்தக் கூட்டத்துக்குப் போகாமல் பின்னர் மெஷின் கிடைக்கவில்லை என்று வருந்துவதில் பயனில்லை.

ஈர நெல்லின் கணக்கு

சூடு அடுக்கிய காலத்தில் கதிர் சில நாள் காய்ந்தது. அறுவடை மெஷின் நின்ற பயிரை வெட்டி அப்படியே நெல்லைக் கொட்டுகிறது. நெல்லில் ஈரம் அதிகம். நெற் சந்தைப்படுத்தும் சபை வாங்குவது 14 வீதத்துக்கு மேற்படாத ஈரமுள்ள நெல்லை. வயல் வரம்பில் லொறியோடு நிற்கும் வியாபாரி எந்த நெல்லையும் வாங்குவார், விலையைக் குறைத்து.

எவ்வளவு குறைப்பது நியாயம்? 20 வீத ஈரமுள்ள 1,000 கிலோ நெல்லில் 200 கிலோ நீர், 800 கிலோ உலர்ந்த பொருள். இதை 14 வீத ஈரத்துக்குக் காயவைத்தால் 930 கிலோ நெல் மிஞ்சும். காய்ந்த நெல் கிலோ 100 ரூபா என்றால் அதன் பெறுமதி 93,000 ரூபா. ஆகவே ஈர நெல்லுக்கு கிலோ 93 ரூபா கொடுத்தால் அது சரியான விலை. வியாபாரி 80 ரூபா கொடுத்தால் 1,000 கிலோவில் 13,000 ரூபா நம் கையை விட்டுப் போகிறது. காயவைக்கும் கூலியையும் சிந்தும் நெல்லையும் இதற்குள் கழித்துப் பார்த்து, இரண்டு நாள் வெயிலுக்கு 13,000 ரூபா பெறுமா என்று தீர்மானிக்கலாம்.

பெரும்பாலானோர் காயவைக்காமலே விற்கிறார்கள். சோம்பல் காரணமில்லை. காயவைக்கத் தளம் இல்லை, தார் றோட்டின் ஓரம்தான் இருக்கிறது. மெஷின் கூலியை அன்றே கொடுக்க வேண்டும், பசளைக் கடைக் கடன் காத்திருக்கிறது, காப்பு அடகில் கிடக்கிறது. அறுவடையை ஒரு மணித்தியாலத்தில் முடித்துத் தந்த மெஷின், விற்பனையையும் அதே அவசரத்துக்குள் தள்ளிவிடுகிறது. ஊருக்குப் பொதுவாக ஒரு சீமெந்துக் களம் இருந்தால் அது இன்னொரு உழவு இயந்திரத்தைவிட அதிக பணத்தை ஊருக்குள் நிறுத்தும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மெஷின் ஏக்கருக்குக் கூலி கேட்கிறது, விளைச்சலுக்கு அல்ல. ஓர் ஏக்கரின் மொத்தச் செலவு 120,000 ரூபா என்று வைத்தால், 1,500 கிலோ விளைந்த வருடத்தில் ஒரு கிலோவின் உற்பத்திச் செலவு 80 ரூபா. மழை பொய்த்து 1,000 கிலோ விளைந்தால் 120 ரூபா. முன்பு வெட்டுக்கூலியை நெல்லாகக் கொடுத்த இடங்களில், விளைச்சல் குறைந்தால் கூலியும் ஓரளவு குறைந்தது. இப்போது நட்டம் முழுவதும் வயற்காரரின் தலையில்.

கூலி போன இடம்

கையால் அறுத்த காலத்தில் ஒரு வெளியில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். அவர்களில் பெண்களும் இருந்தார்கள். கணவனை இழந்தவர்கள், வயலே இல்லாதவர்கள், அந்த இரண்டு மாதக் கூலியில் வருடத்துக்கு நெல் சேர்த்தார்கள். கடைசியில் சிந்திய கதிரைப் பொறுக்கிக்கொள்ளவும் அவர்களுக்கு இடமிருந்தது. மெஷின் வந்ததும் அந்த வேலை போய்விட்டது. கூலியாக ஊருக்குள் சுற்றிய பணம், வேறு மாவட்டத்திலிருந்து லொறியில் ஏறி வரும் மெஷினோடு திரும்பிப் போகிறது. மெஷினின் இலாபத்தை எழுதும்போது இதையும் எழுதாவிட்டால் கணக்கு முழுமையாகாது.

ஆனால் அந்தக் காலமே நல்ல காலம் என்று சொல்லவும் கூடாது. உச்சி வெயிலில் குனிந்து நெல் வெட்டிய உம்மும்மாவின் முதுகு என்ன சொல்கிறது என்று கேட்டுப் பாருங்கள். அவருடைய பேத்தி இன்று இந்தச் சஞ்சிகையில் எழுதுகிறாள். வயலுக்கு ஆள் கிடைக்காமல் போனதற்கு ஒரு காரணம் பிள்ளைகள் பாடசாலையில் இருப்பது. இன்னொரு காரணம் இளைஞர்கள் மத்திய கிழக்குக்குப் போனது. ஆள் குறைந்து கூலி ஏறியதும் மெஷின் வந்தது, மெஷின் வந்ததும் மிஞ்சிய ஆட்களின் வேலையும் போனது.

பங்களாதேசத்தில் 1988ஆம் ஆண்டின் பெருவெள்ளமும் புயலும் உழவு மாடுகளைப் பெருமளவில் அழித்தன. மாடு இல்லாமல் உழ வழியில்லை. அரசு சிறிய இயந்திரங்களின் இறக்குமதிக்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. சீனாவிலிருந்து மலிவான இரு சக்கர இயந்திரங்கள் வந்தன. ஒவ்வொருவரும் ஒன்று வாங்கவில்லை. ஊருக்குச் சிலர் வாங்கி மற்றவர்களுக்கு உழுது கொடுத்தார்கள். இன்று எங்களையும்விடச் சிறிய துண்டு வயல்கள் கொண்ட அந்நாட்டில் பெரும்பாலான நிலம் வாடகை இயந்திரத்தால்தான் உழப்படுகிறது. உழும் பணமும் ஊருக்குள்ளேயே நிற்கிறது. தமிழ்நாட்டில் அரசின் வேளாண் பொறியியல் துறையே மணிக்கணக்கில் இயந்திரங்களை வாடகைக்குத் தருகிறது. ஜேர்மனியின் பவேரியாவில் எரிச் கையர்ஸ்பேர்கர் என்பவர் 1958இல் 'இயந்திர வளையம்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார். ஒருவரிடம் உழும் இயந்திரம், இன்னொருவரிடம் வெட்டும் இயந்திரம். ஒருவருக்கொருவர் செய்து கொடுத்த வேலை கணக்கில் எழுதப்பட்டுத் தீர்க்கப்படும். செல்வந்த நாட்டு விவசாயிக்கும் தனியாக எல்லா மெஷினும் வாங்கக் கட்டுப்படியாகவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

பங்கு பிரியலாம், வரம்பு வேண்டாம்

வயல் ஏன் இத்தனை சிறிதாகிறது? ஆறு ஏக்கர் வயலை விட்டு ஒருவர் மௌத்தாகிறார். மனைவியும் பெற்றோரும் முன்னரே இறந்துவிட்டனர், இரண்டு ஆண் மக்களும் இரண்டு பெண் மக்களும் மட்டுமே வாரிசு என்று வைப்போம். ஆணுக்கு இரண்டு ஏக்கர் வீதம், பெண்ணுக்கு ஓர் ஏக்கர் வீதம். இரண்டு ஏக்கர் பெற்ற மகனுக்கும் அதேபோல நான்கு பிள்ளைகள் என்றால், பேரனுக்கு மூன்றில் இரண்டு ஏக்கர், பேத்திக்கு மூன்றில் ஓர் ஏக்கர். இரண்டே தலைமுறையில் மெஷின் திரும்பவும் இடமில்லாத துண்டாகிறது. ஒவ்வொரு புது வரம்பும் கொஞ்சம் நிலத்தைத் தின்கிறது, மெஷின் எட்டாத நான்கு மூலைகளையும் உண்டாக்குகிறது.

இந்த இடத்தில் இரண்டு தவறுகள் நடக்கின்றன. ஒன்று, 'பெண்பிள்ளைக்கு இந்தத் துண்டு எதற்கு, காக்காவே பார்த்துக்கொள்ளட்டும்' என்று சகோதரியின் பங்கையே விழுங்குவது. அது அல்லாஹ் நிர்ணயித்த உரிமையைப் பறிப்பது. மற்றது, உரிமையைக் கொடுப்பதற்காக வயலை வரம்பு போட்டுக் கூறு கூறாக்குவது. மார்க்கம் பங்கைப் பிரிக்கச் சொல்கிறது. ஒவ்வொரு பங்கைச் சுற்றியும் வரம்பு போடச் சொல்லவில்லை. ஆறு ஏக்கரும் ஒரே வயலாக இருக்கலாம். யாருக்கு எத்தனை பங்கு என்பது எழுத்தில் இருக்க வேண்டும். செலவும் விளைச்சலும் அந்தப் பங்கின்படி பிரிக்கப்பட வேண்டும். நிலத்தை ஒருவர் கொடுக்க மற்றவர் பயிர் செய்து விளைச்சலைப் பங்கிடும் முறை நபி (ஸல்) அவர்கள் காலத்தில் கைபர் நிலத்தில் நடைமுறையில் இருந்தது. உடன்பிறந்தாருக்குள் அதைச் செய்ய இயலாதா?

அரச காணி உத்தரவுப்பத்திரத்தில் உள்ள வயலுக்கு விதி வேறு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி அது நடக்கிறது. பின்னுரித்தாளர் பெயரிடப்படாதபோது ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்த வரிசை 2022ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தால் மாற்றப்பட்டது. வாப்பாவின் பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதை ஒவ்வொரு வீட்டிலும் இப்போதே பார்த்து வைப்பது நல்லது.

ஒரு கொப்பி

மெஷின் தேவையா என்று கேட்கும் காலம் போய்விட்டது. யாருடைய மெஷின், வருடத்தில் எத்தனை ஏக்கர் உழும், நமது வயலுக்கு எந்த வாரம் வரும் என்பவையே இன்று கேட்க வேண்டிய கேள்விகள். இரண்டு ஏக்கர்காரர் தனியாகக் கேட்டால் மூன்றுக்கும் நல்ல விடை கிடைக்காது. பத்து வயல்கள் சேர்ந்து கேட்டால் கிடைக்கும்.

சேர்வதற்கு நம்பிக்கை வேண்டும். நம்பிக்கைக்குக் கணக்கு வேண்டும். எமதூரில் வயல் கணக்கு பெரும்பாலும் வாப்பாவின் மனதில்தான் இருக்கிறது. போகம் முடிந்ததும் கையில் மிஞ்சியதை இலாபம் என்கிறோம். வாப்பாவும் காக்காவும் வயலில் நின்ற நாட்களுக்கும், உம்மா சமைத்து அனுப்பிய சாப்பாட்டுக்கும் கூலி போட்டால் அந்த இலாபம் நிற்குமா?

ஸகாத்தும் கணக்கையே கேட்கிறது. மழையால் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று, இறைத்து ஊற்றி விளைவித்ததற்கு இருபதில் ஒன்று என்று, பாடுபட்டு நீர் கொண்டுவந்தவரின் செலவை மார்க்கம் கவனத்தில் எடுத்திருக்கிறது. நிஸாப் அளவையும், உழவுக்கூலி, வெட்டுக்கூலி பற்றிய சட்டத்தையும் உலமாக்களிடம் கேட்டறியலாம். ஆனால் எத்தனை மூடை விளைந்தது என்பதை நாம்தான் எழுதி வைத்திருக்க வேண்டும்.

ஆகவே இந்தப் பெரும்போகத்தில் வயலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாணவி ஒரு கொப்பியைத் திறக்கட்டும். மெஷின் வந்த திகதி, போன திகதி, கொடுத்த கூலி, டீசல், விதை, பசளை, ஆள்நாள், விளைந்த கிலோ, விற்ற திகதி, விற்ற விலை, உம்மாவின் காப்பு போன நாள், திரும்பி வந்த நாள். வகுப்பில் படித்த பாடத்தை வாப்பாவுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பெப்ரவரியில் அந்தப் பக்கத்தை அவர் முன்னால் வைத்தால் போதும். அடுத்த வீட்டு மாணவியும் தன் பக்கத்தைக் கொண்டு வந்தால், இரண்டு வயல்கள் சேர்வதற்கான பேச்சை இரண்டு வாப்பாமாரும் அதிலிருந்தே தொடங்கலாம்.